ஸ்பூனின் பின்னால் இருக்கும் பெயர் செய்தவருடையதா, விற்றவருடையதா?

கேள்வியைச் சுருக்கி முதலில் போட்டுவிடுகிறேன். ஓஹியோவில் இருக்கும் ஒருவர், பழைய வீடு ஒன்றைக் காலி செய்து சாமான்களை விற்றபோது ஆறு வெள்ளி ஸ்பூன்கள், சில முட்கரண்டிகள், ஒரு பாக்கெட் வாட்ச் ஆகியவற்றை வாங்கியிருக்கிறார். ஸ்பூன்களின் பின்பக்கம் ஓர் ஆள் பெயரும் ‘ப்யூர் காயின்’ என்ற முத்திரையும் இருக்கின்றன. முட்கரண்டிகளில் ‘1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்’ என்றிருக்கிறது. வாட்ச் டயலில் உள்ளூர் நகைக்கடை ஒன்றின் பெயர். பின்மூடியைத் திறந்தால் மெஷின்மேல் ‘பி. எஸ். பார்ட்லெட், வால்தம்’, மூடியின் உட்புறம் ‘20 வருட கேரண்டி’. மெஷினில் உள்ள நம்பரும் கேஸில் உள்ள நம்பரும் ஒத்துப்போகவில்லை. அந்த ஊரில் பெயர்பெற்ற வெள்ளி ஆசாரி ஒருவர் இருந்தார், ஸ்பூன்கள் அவர் கைவேலை என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். அது உண்மையா, முட்கரண்டி 1847இல் செய்ததா, வாட்ச் ஒட்டுப்போட்டதா என்று கேட்கிறார்.

ஆசாரி கதை பெரும்பாலும் கதைதான். முட்கரண்டி 1847இல் செய்யப்பட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வாட்சைப் பற்றி நம்பரை வைத்துக் கவலைப்பட வேண்டாம். இதற்காக எதையும் போலி என்று நினைத்துவிடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் நகையும் வாட்சும் வெள்ளிச் சாமானும் எப்படிக் கைமாறின என்று தெரிந்தால், இந்தப் பெயர்களெல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

முதலில் ஸ்பூன். அன்றைய சிற்றூரில் ‘ஜுவல்லர்’ என்று பலகை மாட்டியவருக்குப் பெரும்பாலும் பிழைப்பே வாட்ச் ரிப்பேரில்தான். கூடவே மோதிரம், ப்ரூச், மூக்குக்கண்ணாடி, வெள்ளி ஸ்பூன் எல்லாம் விற்பார். அறுந்த சங்கிலியைப் பற்றவைப்பார், மோதிரத்தைப் பெரிதாக்கித் தருவார், ஸ்பூன் காம்பில் மணப்பெண் பெயரின் முதலெழுத்துகளை வெட்டிக் கொடுப்பார். ஸ்பூனையே வெள்ளிக் கட்டியிலிருந்து அடித்து எடுப்பது நூற்றாண்டின் தொடக்கத்தில் பல ஊர்களில் நடந்த வேலைதான். போகப்போக அது கட்டுப்படியாகவில்லை. நியூயார்க்கைச் சேர்ந்த வில்லியம் கேல் 1826இல், உருளை அச்சுகளைக் கொண்டு ஸ்பூன்களில் வேலைப்பாடு பதிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பாஸ்டனில் நியூவெல் ஹார்டிங் ஸ்பூன்களை மொத்தமாகச் செய்து கடைகளுக்குக் கொடுத்தார். 1842இல் வெளிநாட்டு வெள்ளிச் சாமான்களுக்கு 30 சதவீத வரி விதித்தார்கள். உள்நாட்டுப் பட்டறைகள் தொழிற்சாலைகளாக வளர அதுவும் ஒரு காரணம். ஊர்க் கடைக்காரர் டஜன் கணக்கில் வரவழைத்தார். செய்தவர்களே அவர் பெயரைக் குத்தி அனுப்பினார்கள், அல்லது அவர் தன் அச்சை வைத்துத் தானே குத்திக்கொண்டார்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. இங்கிலாந்தில் வெள்ளியைச் சோதித்துத் தரமுத்திரை போட அதிகாரபூர்வ அமைப்பு இருந்தது. இங்கிலாந்தின் சிங்க முத்திரையைப் பார்த்தால் மாற்று என்னவென்று தெரியும். அமெரிக்காவில் அப்படி நாடு முழுதும் செல்லும் ஏற்பாடு கிடையாது. பால்டிமோரில் மட்டும் 1814 முதல் 1830 வரை சோதனை அலுவலகம் ஒன்று இயங்கியது. தங்கம், வெள்ளி முத்திரைகளுக்கான கூட்டாட்சிச் சட்டம் 1906இல்தான் வந்தது. இடைப்பட்ட காலம் முழுக்க, ஸ்பூன் வாங்கும் குடியானவருக்கு ஒரே உத்தரவாதம், நாளைக்கும் அதே தெருவில் அதே கடையில் உட்கார்ந்திருக்கப் போகும் அந்தக் கடைக்காரர்தான். அவர் பெயரைக் குத்தியது “ஏதாவது குறை என்றால் என்னிடம் வா” என்று சொல்வதற்கு. பலர் அத்தோடு நிற்காமல், இங்கிலாந்து முத்திரைகளின் சாயலில் கழுகு, நட்சத்திரம், மனிதத் தலை என்று குட்டிக் குட்டி அடையாளங்களையும் வரிசையாகக் குத்தினார்கள். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். மாற்றைப் பற்றி அவை ஒன்றும் சொல்லாது.

‘ப்யூர் காயின்’ என்பதைச் சுத்த வெள்ளி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நாணய வெள்ளியின் மாற்று என்று பொருள். ஆரம்ப காலத்தில் வெள்ளி டாலர்களை, ஸ்பானிய டாலர்கள் உட்பட, உருக்கித்தான் சாமான் செய்தார்கள். அமெரிக்க நாணயத்தின் மாற்று 1792 சட்டப்படி ஆயிரத்துக்கு ஏறத்தாழ 892. 1837இல் அதை 900 ஆக்கினார்கள். ‘காயின்’, ‘டாலர்’, ‘ஸ்டாண்டர்டு’ என்ற முத்திரைகளெல்லாம் இந்த வகை. பால்டிமோரின் சாமுவேல் கிர்க் போன்றவர்கள் ‘11 அவுன்ஸ்’ என்று குத்தினால், 12 அவுன்ஸில் 11 பங்கு வெள்ளி என்று கணக்கு. இங்கிலாந்தின் ஸ்டெர்லிங், அதாவது 925, இங்கே மெதுவாகத்தான் பரவியது. நியூயார்க்கின் டிஃபனி கடை 1851இல் அதற்கு மாறியது, ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரத்துக் கோரம் கம்பெனி 1868இல். நெவாடாவில் 1859இல் காம்ஸ்டாக் வெள்ளிச் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்டபின் வெள்ளிக் கட்டிக்குப் பஞ்சமில்லை. காசை உருக்க வேண்டிய அவசியமும் போய்விட்டது. ஆகவே உங்கள் ஸ்பூன்கள் 1830களுக்கும் 1860களின் கடைசிக்கும் இடைப்பட்டவை என்று கொள்ளலாம்.

கைவேலையா, அச்சுவேலையா என்று நீங்களே ஓரளவு பார்த்துவிடலாம். ஆறையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். காம்பின் அகலம், தோள்பட்டை போன்ற அந்த வளைவு, குழியின் ஆழம் எல்லாம் இம்மி பிசகாமல் பொருந்தினால் அச்சு. ஒவ்வொன்றும் ஒரு மயிரிழை விலகி, எடையிலும் சிறு வித்தியாசம் தெரிந்தால் கையால் அடித்ததாக இருக்கலாம். அப்போதுகூட அடித்தவர் பெயர் பின்னால் இருப்பதாக அர்த்தமில்லை. நியூ ஆர்லியன்ஸின் புகழ்பெற்ற ஹைட் அண்டு குட்ரிச் கடையின் பெயர் தாங்கிய வெள்ளிச் சாமான் பலவற்றைச் செய்தவர் அடால்ஃப் ஹிம்மல் என்ற ஜெர்மானியக் கைவினைஞர். வாங்கியவர்கள் வீட்டில் ‘ஹைட் அண்டு குட்ரிச் வெள்ளி’ என்றுதான் பெருமை பேசியிருப்பார்கள்.

பெரிய பெயர்களும் இதற்கு விலக்கில்லை. சார்லஸ் லூயிஸ் டிஃபனியும் ஜான் யங்கும் 1837இல் நியூயார்க் பிராட்வேயில் திறந்தது எழுதுபொருளும் ஃபேன்சி சாமானும் விற்கும் கடை. முதல் நாள் விற்பனை 4 டாலர் 98 சென்ட். பேரம் கிடையாது, ஒட்டியிருக்கும் விலைதான் விலை என்பது அவர்கள் வைத்த விதி; அந்தக் காலத்தில் அது துணிச்சல். 1848இல் பிரான்சில் அரசாட்சி கவிழ்ந்தபோது அங்கிருந்து தப்பியவர்கள் விற்ற நகைகளை அள்ளி வந்ததில்தான் டிஃபனி வைர வியாபாரியாக நிமிர்ந்தது. டிஃபனி பெயரில் போன வெள்ளிச் சாமானை ஜான் மூரும் பிறகு அவர் மகன் எட்வர்டு மூரும் தங்கள் பட்டறையில் செய்தார்கள். அந்தப் பட்டறையையே டிஃபனி விலைக்கு வாங்கியது 1868இல்தான். எட்வர்டு மூரின் ஜப்பானியச் சாயல் வேலைப்பாடுகள் 1878 பாரிஸ் கண்காட்சியில் பெயர் வாங்கின. ஆனாலும் இன்றைக்கும் பத்தில் ஒருவருக்குக்கூட மூர் யாரென்று தெரியாது. எனக்கு இது கொஞ்சம் வயிற்றெரிச்சலான விஷயம்.

முட்கரண்டிக்கு அதிக நேரம் தேவையில்லை. ரோஜர்ஸ் சகோதரர்கள் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் மின்முலாம் பூசிய சாமான்களை விற்கத் தொடங்கிய ஆண்டு 1847. அந்தப் பெயரை மெரிடன் பிரிட்டானியா கம்பெனி 1862இல் எடுத்துக்கொண்டது. 1898இல் பல கம்பெனிகள் சேர்ந்து இன்டர்நேஷனல் சில்வர் உருவானபோது முத்திரை அவர்களிடம் போனது. 20ஆம் நூற்றாண்டிலும் வெகுகாலம் ‘1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்’ என்றே குத்திக்கொண்டிருந்தார்கள். அந்த எண் பிராண்டின் பகுதி, தேதி கிடையாது. ரோஜர்ஸ் என்ற பெயருக்கு மவுசு ஏறியதும் வேறு பல ரோஜர்ஸ்களும் முளைத்து வழக்காடினார்கள் என்பது தனிக்கதை. எதுவானாலும் முலாம்தான். பழைய முலாம் சாமானில் ‘குவாட்ரூப்பிள்’ என்று பார்த்தால் மயங்க வேண்டாம். நான்கு மடங்கு முலாம் என்றாலும் அடியில் இருப்பது மட்டமான உலோகமே. முட்கரண்டியின் சரியான வயதைக் கண்டுபிடிக்க அதன் டிசைனைப் பாருங்கள். ஒவ்வொரு டிசைனும் எந்த ஆண்டு சந்தைக்கு வந்தது என்பது பட்டியலாகக் கிடைக்கிறது.

இனி வாட்ச். எனக்குப் பிடித்த பகுதி இது.

ஏரன் டென்னிசன் என்ற வாட்ச் ரிப்பேர்காரரும் எட்வர்டு ஹோவர்டு என்ற கடிகாரத் தயாரிப்பாளரும், டேவிட் டேவிஸ் உள்ளிட்டோரின் துணையோடு 1850இல் பாஸ்டனை ஒட்டிய ராக்ஸ்பரியில் ஒரு தொழிற்சாலை தொடங்கினார்கள். துப்பாக்கித் தொழிற்சாலையில் உதிரிபாகங்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடும்படி செய்வதுபோல் வாட்சின் பாகங்களையும் இயந்திரங்களில் செய்ய வேண்டும் என்பது டென்னிசனின் பைத்தியக்காரக் கனவு. 1854இல் பாஸ்டனுக்குப் பக்கத்து ஊரான வால்தமுக்கு இடம் மாறினார்கள்; உங்கள் மெஷினில் இருப்பது அந்தப் பெயர்தான். 1857இல் திவால். ராயல் ராபின்ஸ் என்ற வாட்ச் இறக்குமதியாளர் ஏலத்தில் எடுத்தார். உள்நாட்டுப் போர்க் காலத்தில் சிப்பாய்கள் வாங்கும் விலையில் ‘வில்லியம் எல்லரி’ என்ற மாடலைக் கொண்டுவந்ததும் வியாபாரம் பிடித்துக்கொண்டது. 1876இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சிக்கு வந்த லாஞ்சின் என்ற சுவிஸ் வாட்ச் கம்பெனியின் ஜாக் டேவிட், அமெரிக்கத் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நாம் விழித்துக்கொள்ளாவிட்டால் பிழைக்க மாட்டோம் என்ற ரீதியில் சுவிட்சர்லாந்துக்கு நீண்ட அறிக்கை எழுதினார்.

வில்லியம் எல்லரி யார் தெரியுமா? சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். வாட்சுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. உங்கள் பி. எஸ். பார்ட்லெட்டுக்கு சம்பந்தம் உண்டு. அவர் வால்தம் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஒரு ரகத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1864இல் சிகாகோக்காரர்கள் போட்டியாக எல்ஜின் கம்பெனியைத் தொடங்கியபோது வால்தமிலிருந்து அங்கே போன கூட்டத்தில் பார்ட்லெட்டும் ஒருவர். ஆள் எதிரி கம்பெனிக்குப் போன பிறகும் வால்தம் அவர் பெயரிலேயே வாட்ச் விற்றுக்கொண்டிருந்தது! எல்ஜினும் இதே பாணியில், தன் முதல் தலைவரும் சிகாகோவின் முன்னாள் மேயருமான பி. டபிள்யூ. ரேமண்டின் பெயரை முதல் வாட்சுக்கு வைத்து 1867இல் விற்றது. விலை 117 டாலர். அதாவது அமெரிக்க மெஷின்மேல் காணும் ஆள் பெயர் பல சமயம் வெறும் மாடல் பெயர்.

நம்பர் விஷயத்துக்கு வருகிறேன். அன்று அமெரிக்க வாட்ச் பெரும்பாலும் முழுசாக விற்கப்படவில்லை. மெஷின் ஒரு கம்பெனி, கேஸ் வேறு கம்பெனி. 18 சைஸ், 16 சைஸ் என்று அளவுகள் பொதுவாக இருந்ததால் எதையும் எதிலும் பொருத்தலாம். வாடிக்கையாளர் கடையில் முதலில் மெஷினைத் தேர்ந்தெடுப்பார். பிறகு கையிருப்புக்கு ஏற்ப வெள்ளியா, தங்கமா, நிக்கலா என்று கேஸ். கடைக்காரர் அங்கேயே உட்கார்ந்து இரண்டையும் சேர்த்துக் கொடுப்பார். இரண்டு நம்பரும் ஒன்றாக இருந்தால்தான் அதிசயம். வயதைத் தெரிந்துகொள்ள மெஷினில் உள்ள நம்பரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வால்தம் நம்பர்களுக்கு ஆண்டுவாரிப் பட்டியல்கள் உள்ளன. கேஸ் நம்பர் எதற்கும் உதவாது.

‘20 வருட கேரண்டி’ என்பது மெஷினுக்குக் கொடுத்ததில்லை. ஜேம்ஸ் பாஸ் என்பவர் 1859இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, மட்ட உலோகத் தகட்டின் இருபுறமும் தங்கத் தகட்டை ஒட்டி உருட்டிக் கேஸ் செய்தார்கள். நம்மூர் கவரிங் நகையைவிடக் கனமான தங்கப் போர்வை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தேய்ந்து உள் உலோகம் தெரிய 20 வருடம் ஆகும் என்பதே அந்த வாக்குறுதி. விளிம்பிலும் கீல் பக்கத்திலும் பித்தளை நிறம் எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். இன்னொன்றையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: ‘சில்வராய்டு’, ‘சில்வரைன்’ என்று எழுதிய கேஸ்களில் வெள்ளி ஒரு பொட்டுகூடக் கிடையாது, நிக்கல் கலவைதான்.

டயலில் கடைப் பெயர் இருப்பது ஸ்பூன் கதையின் தொடர்ச்சியே. கூடுதல் காசு கொடுத்துத் தொழிற்சாலையிலேயே தன் பெயரை எழுதி வாங்கும் வழக்கம் பரவலாக இருந்தது. இதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் உங்கள் ஓஹியோக்காரரே. கிளீவ்லாந்தில் நகைக்கடை வைத்திருந்தவர் வெப் பால். 1883 நவம்பர் 18க்கு முன் அமெரிக்காவில் ஊருக்கு ஒரு நேரம். நகைக்கடை ஜன்னலில் தொங்கும் பெரிய ஊசல் கடிகாரம்தான் பல ஊர்களில் மணி சொல்லும் அதிகாரி. அந்த நாளில் ரயில்வேக்கள் பொது நேரத்துக்கு மாறின, பாலும் தன் கடையை அதற்கு மாற்றிக்கொண்டார். 1891 ஏப்ரலில் ஓஹியோவின் கிப்டனில் இரண்டு ரயில்கள் மோதின. ஒரு ஓட்டுநரின் வாட்ச் நான்கு நிமிடம் நின்று மறுபடி ஓடியதுதான் காரணம் என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ, ரயில்வே பாலைக் கூப்பிட்டு வாட்ச்களைச் சோதிக்கும் பொறுப்பைக் கொடுத்தது நிஜம். அதைத் தொடர்ந்து உருவான விதிகள் கறாரானவை: குறைந்தது 17 ஜுவல் (உராய்வைக் குறைக்க உள்ளே பதிக்கும் சின்னக் கற்கள்), வாட்சை ஐந்து விதமாகத் திருப்பிவைத்துச் சரிபார்த்திருக்க வேண்டும், வாரத்துக்கு 30 வினாடிக்குமேல் பிசகக்கூடாது, 34 முதல் 100 டிகிரி ஃபாரன்ஹீட் வரை தாங்க வேண்டும், வெள்ளை டயலில் தடித்த எண்கள். ரயில்வே ஊழியர் தன் வாட்சைக் குறித்த கெடுவில் உள்ளூர் நகைக்கடைக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பல ஊர்க் கடைகளுக்கு இது நிலையான வருமானம். பால் பெயர் போட்ட ரயில்வே வாட்ச்களை இன்றும் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். அவருக்கென்று வாட்ச் தொழிற்சாலை கிடையாது. வால்தம், ஹாமில்டன், எல்ஜின் போன்றவர்கள் செய்து கொடுத்தார்கள்.

அப்படியானால் இந்தப் பொருள்களில் உண்மையில் கைவைத்த ஆளின் சுவடே இல்லையா என்றால், இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பின்மூடியின் உட்புறத்தைப் பாருங்கள். ஊசியால் கீறியதுபோல் எண்களும் எழுத்துகளும் தெரியும். ஒவ்வொரு முறை வாட்சைக் கழட்டி எண்ணெய் போட்டபோதும் ரிப்பேர்காரர் தன் குறிப்பைக் கீறிவைத்தார். தேதி, கணக்குப் புத்தக எண், சிலர் மட்டும் பெயர். விற்பவர்கள் இதைக் ‘கீறல் விழுந்தது’ என்று விலை குறைத்துப் பேசுவார்கள். எனக்கு ஒரு வாட்சில் முதலில் பார்க்க வேண்டியதே இதுதான்.

இதில் மிகப் பிரபலமான ஒன்று ஆபிரகாம் லிங்கனின் தங்க வாட்சில் இருக்கிறது. இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஜார்ஜ் சாட்டர்டன் என்ற நகைக்கடைக்காரரிடம் 1850களில் வாங்கியது, மெஷின் இங்கிலாந்தினுடையது. லிங்கன் ஜனாதிபதியானதும் அது வாஷிங்டனில் கால்ட் என்பவரின் கடைக்கு ரிப்பேருக்கு வந்தது. 1861 ஏப்ரல். அங்கே வேலை பார்த்த ஐரிஷ்காரர் ஜொனதன் டில்லன் டயலை மாட்டிக்கொண்டிருந்தபோது, சம்டர் கோட்டைமேல் குண்டு விழுந்த செய்தியை, அதாவது உள்நாட்டுப் போர் தொடங்கிவிட்டதை, முதலாளி வந்து சொன்னாராம். டில்லன் டயலை மறுபடி கழட்டி, அடியிலிருந்த உலோகத் தட்டில் கூர்மையான கருவியால் எழுதிவிட்டு மூடிவிட்டார். 45 வருடம் கழித்து 1906இல் பத்திரிகைக்காரரிடம் அவர் இதைச் சொன்னபோது, ‘முதல் குண்டு சுட்டாயிற்று, அடிமை முறை செத்தது’ என்கிற மாதிரி எழுதியதாக நினைவுகூர்ந்தார். வாட்ச் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போன பிறகும் யாரும் பார்க்கவில்லை. டில்லனின் வாரிசு ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் 2009 மார்ச்சில் டயலைக் கழட்டினார்கள். எழுத்து இருந்தது. ஆனால் அடிமை முறையைப் பற்றி ஒரு சொல் இல்லை. 1861 ஏப்ரல் 13, கலகக்காரர்கள் சம்டர் கோட்டையைத் தாக்கினார்கள், கடவுள் புண்ணியத்தில் நமக்கு ஓர் அரசாங்கம் இருக்கிறது என்று எழுதித் தன் பெயரையும் போட்டிருந்தார். கோட்டையின் பெயரில் எழுத்துப்பிழை வேறு. தாக்குதல் தொடங்கியது 12ஆம் தேதி. பக்கத்திலேயே வேறு யாரோ, எதிர்த்தரப்புத் தலைவர் ஜெஃப் டேவிஸின் பெயரைக் கீறியிருந்தார்கள். லிங்கன் தன் சட்டைப்பையில் இந்தச் சண்டையைச் சுமந்து திரிந்தது தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

உங்கள் ஊர்க் கடைக்காரரின் வம்சம் என்ன ஆனது என்றும் கேட்டிருந்தீர்கள். பலரை வீழ்த்தியது தபால் வியாபாரம். 1886இல் மின்னசோட்டாவில் ஒரு சிறிய ரயில் நிலையத்தில், உள்ளூர் நகைக்கடைக்காரர் வேண்டாம் என்று திருப்பிய வாட்ச் பார்சலை ஸ்டேஷன் ஏஜென்ட் ஒருவர் எடுத்து மற்ற ஏஜென்ட்களுக்கு விற்றார். அவர் பெயர் ரிச்சர்டு சியர்ஸ். அடுத்த வருடம் சிகாகோ போய், ஆல்வா ரோபக் என்ற வாட்ச் ரிப்பேர்காரரை வேலைக்கு வைத்தார். சியர்ஸ் ரோபக் என்ற தபால் வியாபாரக் கம்பெனி பிறந்தது இப்படித்தான். 1896இல் இங்கர்சால் ஒரு டாலருக்கு வாட்ச் கொண்டுவந்ததும், ரிப்பேர் கூலியைவிடப் புது வாட்ச் மலிவு என்றாகிவிட்டது.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஸ்பூன்களைப் பளபளவென்று தேய்க்காதீர்கள். முத்திரையும் வெட்டெழுத்தும் தேய்ந்தால் திரும்ப வராது. முத்திரைகளைச் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுங்கள். கழுகு, நட்சத்திரம் மாதிரி சின்ன அடையாளம் ஏதாவது கூட இருந்தால் செய்தவரைக் கண்டுபிடிக்க அதுவே துப்பு. கடைக்காரர் பெயரை அந்த ஊரின் பழைய விலாசப் புத்தகங்களிலும் செய்தித்தாள் விளம்பரங்களிலும் தேடுங்கள். எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை கடை நடத்தினார் என்று தெரிந்தால் ஸ்பூனின் காலமும் தெரிந்துவிடும். வாட்சுக்குச் சாவி கொடுத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். எண்ணெய் காய்ந்த மெஷினை ஓட்டினால் அச்சுமுனைகள் தேயும். பழைய வாட்ச் பார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகு ஓட்டலாம். விலை என்று பார்த்தால் ஸ்பூன்களுக்கு வெள்ளி எடைக்கு மேலே கொஞ்சம் கிடைக்கலாம், முட்கரண்டிகளுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. கடைப் பெயர் போட்ட டயல் விரிசல் இல்லாமல் இருந்தால், அந்த ஊர்க்காரர் யாராவது வாட்சுக்கு நல்ல விலை தருவார்.